தெள்ளுச் சந்தை: ஒரு சொல்லாராய்ச்சி

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணப்பெயர் ஒன்றைக் கேட்டவுடன் அதன் காரணம் யாது என்று வினவுதல் மாணவர் வழக்கம். அக்காரணத்தைக் கண்டவர் யாவர், எங்கு நின்று கண்டனர் என்று மேலும் வினவுவோர் சிலரே. இவ்விரண்டாம் வினாவும் வேண்டுவதே என்பதை ஒரு சிறு சொல்லைக்கொண்டு காட்ட முயல்கின்றோம்.

அச்சொல் இங்கிலீஷில் வழங்கும் 'பிளீ மார்க்கெட்' என்பது. 'பிளீ' என்பது தெள்ளு. நாயின் மயிரிலும் பழந்துணியின் மடிப்பிலும் ஒளிந்திருந்து, தொட்டவுடன் துள்ளிப் பாயும் சிற்றுயிர். 'மார்க்கெட்' என்பது சந்தை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் 'தெள்ளுச் சந்தை' என்றாகும். ஒருவர் கையாண்டு கழித்த பொருள்களை மற்றொருவர்க்கு விற்கும் திறந்தவெளிச் சந்தையையே மேனாட்டார் இப்பெயரால் குறிக்கின்றனர்.

இச்சொல்லின்பால் எம் கருத்தைத் திருப்பியவை ஒரு பூட்டும் ஒரு புத்தகமும் ஆகும். அவற்றின் செய்தியை முதற்கண் கூறுவோம்.

ஒரு பூட்டும் ஒரு புத்தகமும்

எம் ஊர் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றின் பாங்கர் அமைந்தது அது. சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் கற்றூண் சிற்பங்களைக் காண வருவோர் பலர். தேய்பிறை அட்டமிதோறும் அக்கோயிலில் உள்ள வைரவர் சந்நிதியை நாடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளாக வருவர். மக்கள் திரளும் இடத்தில் கடைகளும் திரளும் அன்றோ? பூவும் தேங்காயும் வளையலும் பொரிகடலையும் விற்போர் வழிநெடுகக் கடை பரப்புவர்.

யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில், அத்தகைய நாளொன்றில், கடைவரிசை முடியும் இடத்துப் புளியமரத்தடியில் ஒரு முதியவர் சாக்கு விரித்து அமர்ந்திருக்கக் கண்டோம். அச்சாக்கின்மேல் நசுங்கிய பித்தளைச் செம்பு, முள் நின்றுபோன கடிகாரம், மூக்குக்கண்ணாடிக் கூடுகள் இரண்டு, தையற்பொறியின் சக்கரம், நான்கைந்து பழம் புத்தகங்கள், ஓர் இரும்புப் பூட்டு ஆகியவை கிடந்தன.

பூட்டு எங்கள் வட்டாரத்தில் பெயர்பெற்ற மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல்லின் கைவினைப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றதை அன்பர்கள் அறிந்திருப்பர். ஆயினும் அக்கிடந்த பூட்டிற்குச் சாவி இல்லை. அருகில் நின்ற ஒருவர், "சாவி இல்லாத பூட்டை யார் வாங்குவார்?" என்று வினவினார். முதியவர் தலை நிமிராமலே, "பூட்டுக் கெடவில்லை, ஐயா, சாவிதான் தொலைந்தது. திண்டுக்கல்லில் அரம் பிடிக்கிற கை இன்னும் இருக்கிறது" என்றார். "யார் வீட்டுக் கதவில் இருந்து கழற்றியதோ!" என்று வேறொருவர் கூற, நின்றவர் சிலர் நகைத்தனர். முதியவர் மறுமொழி கூறவில்லை. பூட்டை எடுத்துத் துண்டினால் ஒருமுறை துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

யாம் அங்கு நின்றது புத்தகத்தின்பொருட்டு. நன்னூற் காண்டிகையுரை ஒன்று, மேலட்டை இழந்து, அவற்றினிடையே கிடந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தோர்க்கு இன்றியமையாத நூல். அப்பருவத்துக் கட்டணம் கட்டியபின் எம் கையில் எஞ்சியது மிகச் சிறிது. ஐம்பது ரூபாய்க்கு அதனைப் பெற்று வீடு சேர்ந்தோம். எம் அன்னையார் அதனை ஒரு பகல் முழுதும் திண்ணையில் வெயிலிற் காயவைத்து, இராமபாணப் பூச்சி அணுகாதிருக்க ஏடுகளினிடையே வேப்பிலை வைத்துத் தந்தார்.

விடுதியில் எம் நண்பர் ஒருவர் அந்நூலைக் கையிலெடுத்து முகர்ந்து, "இது காயலான்கடைச் சரக்கோ?" என்றார். அறையிலிருந்தோர் நகைத்தனர். யாமும் உடன் நகைத்தோம். அன்றிரவே அந்நூலுக்குப் பழுப்புத் தாளால் உறையிட்டு, அது வந்த வழியை ஒருவரும் அறியாதவாறு செய்தோம். புளியமரத்தடியில் நகைத்தவரைக் குறைகூறிய நெஞ்சு, விடுதியில் எவ்வாறு நகைக்கத் துணிந்தது என்னும் வினா பின்னர்த்தான் எம்மை வருத்தியது. இழிவு பொருளில் இருந்ததா, பெயரில் இருந்ததா என்று ஆராயப் புகுந்தோம்.

பெயர் வந்த வழி

'பிளீ மார்க்கெட்' என்பது இங்கிலீஷின் சொந்தச் சொல் அன்று. 'மார்ஷே ஓ ப்யூஸ்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் நேர் மொழிபெயர்ப்பு அது. இங்கிலீஷ் எழுத்தில் 1922-ஆம் ஆண்டளவில் இது தோன்றியதாக அகராதியாளர் காட்டுவர். ஜெர்மானியரும் தம் மொழியில் இவ்வாறே பெயர்த்துக் கொண்டனர். ஆகவே இப்பெயரின் பிறப்பிடத்தைப் பாரிஸ் மாநகரத்திலேயே தேடுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸில் கந்தல் பொறுக்குவோர் பல்லாயிரவர் இருந்தனர். இரவில் விளக்கும் கொக்கியும் முதுகிற் கூடையும் கொண்டு, வீடுகளின் வாயிலிற் கொட்டப்பட்ட குப்பையைக் கிளறித் துணி, எலும்பு, இரும்பு முதலியவற்றைத் தெரிந்தெடுத்தல் அவர் தொழில். அவர் பொறுக்கிய கந்தல் துணியே காகித ஆலைகளுக்கு மூலப்பொருளாயிற்று. மரக்கூழினாற் காகிதம் செய்யும் முறை பரவுமுன், ஐரோப்பாவில் அச்சேறிய நூல்களின் தாளெல்லாம் கந்தலிலிருந்து பிறந்தனவே. கற்றோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் சென்ற அக்கூடையிலிருந்தே கற்றோர் கையிலிருந்த புத்தகம் வந்தது என்பதை எண்ணுக.

1883-ஆம் ஆண்டின் இறுதியில், அந்நகரின் ஆட்சியாளராகிய யூழேன் புபெல் என்பார், வீட்டுக்குரியவர் குப்பையை மூடியுள்ள கலங்களிலேயே இடவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். சுகாதாரத்திற்கு நன்மை பயந்த ஆணையே அது. ஆயினும் கந்தல் பொறுக்குவோரின் பிழைப்பை அது பெரிதும் குலைத்தது. இன்றளவும் பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டியின் பெயர் 'புபெல்' என்பதே. செய்வித்தவன் பெயர் பொருளுக்கு ஆகி வந்தமையின், இது நம் இலக்கணத்துக் கருத்தாவாகுபெயரை ஒக்கும்.

நகரத்தினுள் இடமிழந்த அம்மக்களுட் பலர், கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த வெற்றுநிலத்தில் தங்கித் தாம் சேர்த்த பொருளை அங்கேயே பரப்பி விற்றனர். வடபால் உள்ள சேன்-துவான் என்னும் ஊரின் சந்தை இவ்வாறு வளர்ந்ததே. 1885-ஆம் ஆண்டை அதன் தொடக்கமாகக் கொள்வர். விடுமுறை நாட்களிற் காற்று வாங்க வந்த நகரமாந்தர் மதில்மேல் நின்று கீழே நோக்கி, அப்பழந்துணிக் குவியல்களைக் கண்டு, 'தெள்ளுச் சந்தை' என்று எள்ளிப் பெயரிட்டனர் என்பது வழிவழிச் செய்தி. முதலில் அவ்வாறு கூறியவர் இன்னார் என்று துணிதற்கில்லை. ஆயினும் கீழே கடை பரப்பி அமர்ந்தவன் தன் சரக்கிற்கு அப்பெயரை இட்டிரான் என்பது ஒருதலை.

போலிக் காரணம் ஒன்று

இப்பெயர்க்கு வேறொரு காரணம் கூறுவாரும் உளர். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் 'பிளை மார்க்கெட்' என்னும் சந்தை இருந்தது. சதுப்பான தாழ்நிலத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபே அங்குள்ள 'பிளை' என்பது. 'பிளை' என்பதே பிற்காலத்து 'பிளீ' ஆயிற்று என்பர் அவர். ஒலி ஒத்தது கொண்டு உறவு கற்பித்தல் சொல்லாராய்ச்சியில் நேரும் பெரும்பிழை. நியூயார்க் சந்தை மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னரே இங்கிலீஷிற் 'பிளீ மார்க்கெட்' தோன்றியது. இடையே பாலமாக நிற்கும் வழக்கு காணப்படவில்லை. பிரெஞ்சு வழியோ தெளிவாக உள்ளது. சொற்பிறப்பு ஆராய்வார்க்கு ஆண்டும் வேண்டும், செவி மட்டும் போதாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

தொகையின் மயக்கம்

இனி, இப்பெயரின் எள்ளல் எங்கே தங்கியுள்ளது என்பதை நம் இலக்கணத்தைக்கொண்டு காண்போம். எம் பழைய நன்னூலின் ஓரங்களில், அதனை முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர் மைக்கோலாற் குறிப்பெழுதியுள்ளார். தொகைநிலைத் தொடர்கள் பொருள் மயங்குமிடத்து இரண்டு முதல் ஏழு பொருள் வரை தரும் என்னும் விதிக்கு அருகில், 'சந்தைப் பெயர்களைப் பார்க்க' என்று ஒரு வரி காணப்படுகின்றது. பெயரறியா அவ்வன்பர் காட்டிய வழியிலேயே யாம் செல்கின்றோம்.

'ஆட்டுச் சந்தை' என்புழி, ஆட்டை விற்கும் சந்தை என இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கன. 'காய்கறிச் சந்தை' என்பதும் அது. 'திங்கட் சந்தை' என்புழித் திங்கட்கிழமைக்கண் கூடும் சந்தை என ஏழாவது தொக்கது. 'வெள்ளிச் சந்தை' என்பதோ மயங்கும்: வெள்ளியை விற்கும் சந்தை எனவும், வெள்ளிக்கிழமைக்கண் கூடும் சந்தை எனவும் இருபொருள் படும். குமரி மாவட்டத்திலும் தருமபுரி மாவட்டத்திலும் வெள்ளிச்சந்தை என்னும் பெயருடைய ஊர்கள் உள்ளன.

'தெள்ளுச் சந்தை' என்பதும் இவ்வாறே மயங்குவது. தெள்ளினை உடைய சந்தை என விரிப்பின் அஃது இகழ்ச்சியேயாயினும் ஒரு செய்தி. தெள்ளினை விற்கும் சந்தை என விரிப்பின் அது நகைச்சுவை. பிரெஞ்சு மொழியிற் பூச்சந்தையை 'மார்ஷே ஓ ஃப்ளேர்' என்பர். ஆங்கே 'ஓ' என்னும் இடைச்சொல்லையடுத்து வருவது விற்கும் பொருள். அவ்வாய்பாட்டிலேயே 'மார்ஷே ஓ ப்யூஸ்' என்றபோது, பூ விற்பார் பூ விற்க, இவர் தெள்ளு விற்கின்றார் என்று கேட்போர் நகைத்தனர். எள்ளல் முழுதும் அவ்வொரு வேற்றுமைப் பொருளில் ஒளிந்துள்ளது. தமிழில் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போமாயின், நகை போய் அழுக்கு மட்டுமே எஞ்சும்.

பிற நாட்டுப் பெயர்கள்

பழம்பொருட் சந்தைக்கு இழிபெயர் இட்டவர் பாரிஸ் மாந்தர் மட்டுமல்லர். லிஸ்பன் நகரத்துச் சந்தையின் பெயர் 'ஃபெய்ரா தா லாத்ரா'. திருடியின் சந்தை என்பது அதன் பொருள். மாட்ரிட் நகரத்தில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்கு 'எல் ராஸ்த்ரோ' என்று பெயர். அதற்குத் தடம் என்பது பொருள். அருகிலிருந்த கொலைக்களத்திலிருந்து தோல் பதனிடும் இடத்திற்கு விலங்குகளை இழுத்துச் சென்றபோது வழியிற் படிந்த குருதித்தடமே பெயர்க்குக் காரணம் என்பர். தோல் பதனிடும் தொழிலை நன்கறிந்த திண்டுக்கல் மக்களுக்கு இக்காரணம் எளிதில் விளங்கும்.

நம் நாட்டில், மும்பையின் 'சோர் பஜார்' புகழ்பெற்றது. 'சோர்' என்றால் திருடன். இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்னும் சொல்லே வெள்ளையர் நாவில் 'சோர்' எனத் திரிந்தது என்று அவ்வூரார் கூறுவர். இஃது உண்மையாயினும் அன்றாயினும், தம் சந்தையைத் திருடர் சந்தை என்று அழைப்பதை அங்கு வாழ்வோர் விரும்பவில்லை என்பதை இக்கதையே காட்டுகின்றது. சந்தையென்றால் இரைச்சல் உண்டு, அதில் இழுக்கில்லை. மதுரையின் அல்லங்காடியில் எழுந்த ஆரவாரத்தைப் பலவகைப் பறவைகளின் ஒலிக்கு ஒப்பிட்டு மகிழ்ந்தது மதுரைக்காஞ்சி.

நண்பர் எம் நூலுக்கு இட்ட 'காயலான்கடை' என்னும் பெயரையும் நோக்குவோம். தென்கோடியிலுள்ள காயற்பட்டினத்திலிருந்து பிற ஊர்களுக்குச் சென்ற வணிகர் பழைய இரும்பு முதலியவற்றை வாங்கி விற்றமையால் இப்பெயர் எழுந்தது என்பர். தாமிரபரணியின் கழிமுகத்தைச் சார்ந்த காயல் துறையோ, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ தம் பயண நூலிற் குறித்த துறை. குதிரையும் முத்தும் கைமாறிய துறையின் பெயர், இன்று உடைந்த வாளிக்கு அடையாயிற்று. ஊரார் செய்த பிழை யாது? எறிந்ததை எடுத்துப் பயன்படுத்தியதே.

தமிழர் இட்ட பெயர்கள்

இவற்றோடு நம் முன்னோர் சந்தைக்கு இட்ட பெயர்களை ஒப்புநோக்குக. பகலிற் கூடுவது நாளங்காடி. இரவிற் கூடுவது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரம், புகார் நகரத்தின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே, சோலையின் மரங்களே தூணாக அமைய நாளங்காடி நிகழ்ந்ததைக் கூறும். தூணும் கூரையும் மரமே என்பதால், தாடிக்கொம்பின் புளியமரத்தடிக் கடை புகாரின் நாளங்காடிக்கு மிகத் தொலைவில் இல்லை எனலாம். பட்டினப்பாலை, அந்நகரத்து வணிகர் வாங்குங்கால் மிகையாகக் கொள்ளாமலும் விற்குங்கால் குறையாகக் கொடாமலும் நடுநிலை நின்றதைப் போற்றுகின்றது. இப்பெயர்களிலும் புகழ்ச்சிகளிலும் காலம் உண்டு, பொருள் உண்டு, ஒழுக்கம் உண்டு. விற்பவனைப்பற்றிய இகழ்ச்சி இல்லை.

அம்மரபு இன்றும் அறவில்லை. எங்கள் வட்டாரத்தில் அய்யலூரின் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடுவது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையாற் பெயர்பெற்றது. மணப்பாறை மாட்டுச் சந்தையால். நாளும் பொருளும் அறிந்தால் போதும், வேறு அடைமொழி வேண்டுவதில்லை. பழம்பொருளுக்கென்றே தமிழ்நாட்டில் இன்று பெரிதும் அறியப்பட்ட பல்லாவரம் சந்தையின் பெயரும் வெள்ளிச் சந்தை என்பதே. சென்னைக்குத் தெற்கே, பழைய நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், வெள்ளிதோறும் அது பரவுகின்றது. முற்காலத்திற் கால்நடை விற்ற சந்தையென்று சொல்லப்படும் அதில், இன்று பழைய கைப்பேசி, கணிப்பொறியின் உறுப்புகள், மர நாற்காலி, இசைத்தட்டு, மரக்கன்று, உடுத்த உடை யாவும் கிடைக்கும். அங்குச் செல்வோர் 'தெள்ளு' என்றும் 'திருடு' என்றும் கூறாது, 'வெள்ளிச் சந்தைக்குப் போகிறேன்' என்றே கூறுவர்.

சென்னையின் மூர் மார்க்கெட்டையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். நகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்ட, 1900-ஆம் ஆண்டில் அது திறக்கப்பெற்றது. பழைய புத்தகக் கடைகளால் அது மாணவர்க்கும் புலவர்க்கும் இரண்டாம் நூல்நிலையமாக விளங்கியது. வேறெங்கும் கிடையாத நூல் அங்குக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு தொலைவூர்களிலிருந்து வந்தோர் பலர். 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் எழுந்த தீயில் அக்கட்டிடம் அழிந்தது. பின்னர் அங்கிருந்த வணிகர்க்கு அல்லிக்குளத்தில் இடம் அமைக்கப்பெற்றது. அவர் விற்ற பழைய நூல்களாற் கல்வியை முடித்தோர் எத்துணையரோ! அவருள் எத்துணையர் எம்மைப்போற் பழுப்புத் தாளால் உறையிட்டு மறைத்தனரோ!

பழம்பொருள் விற்கச் சென்ற ஒருவன்

பழம்பொருள் விற்பவனைக் கண்டவுடன் 'எங்கே எடுத்தாய்?' என்று வினவும் ஐயம் இன்று தோன்றியதன்று. அவ்வையத்தின் கொடுமையைத் தமிழரைப்போல் உணர்ந்தோர் இலர் என்றே கூறலாம். ஏனெனில் நம் முதற்பெருங் காப்பியத்தின் நடுநாடி அதுவே.

கோவலன் மதுரைத் தெருவில் விற்கச் சென்ற பொருள் யாது? புதிதாகச் செய்த அணிகலன் அன்று. தன் மனைவி காலில் அணிந்திருந்த சிலம்புகளுள் ஒன்று. கைப்பொருளிழந்து அயலூர் புகுந்து, மீண்டும் ஒரு வாணிகம் தொடங்குதற்கு முதல் வேண்டி, வீட்டிலிருந்த பழம்பொருளை விற்க வந்தான் அவன். மாசாத்துவானின் மகன் என்பதை மதுரையில் அறிவார் இலர். வழிநடந்து களைத்த ஒருவன் கையில் விலையுயர்ந்த சிலம்பு. இவ்வளவே கண்ணுக்குப் புலனாயிற்று. உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லன் தன் குற்றத்தை அவன்மேல் ஏற்றுதற்கு இக்காட்சியே போதுமாயிற்று. அரசனும் ஆராயாது நம்பினான்.

பொற்கொல்லன் பொய்யையும் அரசன் பிழையையும் பற்றி நாம் பலகால் கட்டுரை எழுதியுள்ளோம். அப்பொய் அத்துணை எளிதில் நம்பத்தக்கதாயினமை ஏன் என்பதை எண்ணியவர் சிலரே. 'எளியவன் கையில் நல்ல பொருள் இருப்பின் அது களவே' என்னும் எண்ணம் கேட்டோர் நெஞ்சில் முன்னரே குடிகொண்டிருந்தது. 'திருடர் சந்தை' என்னும் பெயரும் அவ்வெண்ணத்தின் பிள்ளையே. புளியமரத்தடியில் முதியவரை நோக்கி எழுந்த நகைப்பும் அதுவே. நகைத்தவர் தீயர் அல்லர். பொருளைக் கண்டு விற்பவனை அளந்த பழக்கம் அவரை அவ்வாறு பேசுவித்தது. கண்ணகி, அரசன் தருவித்து முன்வைத்த சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டி வழக்கை வென்றாள். சாக்கு விரித்து அமர்ந்த முதியவரிடத்து அவ்வாறு உடைத்துக் காட்டத்தக்க சான்று ஏதும் இல்லை.

களவுப்பொருள் சந்தைக்கு வருவதே இல்லை என்று யாம் கூறவில்லை. வருமாயின் அதனை ஆராய்ந்து தண்டிக்கச் சட்டம் உண்டு. ஒரு களவுப்பொருளுக்காக ஆயிரம் கடைக்கும் கள்வர் பெயரிடுதல் ஆராய்ச்சி ஆகாது.

நாம் இடத்தக்க பெயர்

ஆகவே, இங்கிலீஷிலிருந்து தமிழிற் பெயர்க்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். 'பிளீ மார்க்கெட்' என்பது வருமிடத்துத் 'தெள்ளுச் சந்தை' என்று எழுதற்க. சொல்லின் வரலாற்றை எடுத்துரைக்குங்கால் அத்தொடர் வேண்டும். சந்தையைக் குறிக்குங்கால் வேண்டா. 'பழம்பொருட் சந்தை' என்பது விற்கும் பொருளைச் சொல்லும். கூடும் நாள் அறிந்தால் 'வெள்ளிச் சந்தை', 'ஞாயிற்றுச் சந்தை' என்றலே மேலும் சிறப்பு. அது நம் முன்னோர் நாளங்காடி என்று வைத்த முறையைத் தழுவியது. மதில்மேல் நின்றவன் கண்ட காரணத்தை விடுத்து, கடையில் அமர்ந்தவனும் ஒப்பும் காரணத்தைப் பெயராக்குதலே நெறியாம்.

இவ்வாராய்ச்சியின் முடிவில் யாம் செய்தது ஒன்றுண்டு. அடுத்து வந்த தேய்பிறை அட்டமியன்று புளியமரத்தடிக்குச் சென்றோம். முதியவர் அங்கிருந்தார், பூட்டும் விலைபோகாதிருந்தது. அவர் கேட்ட விலையைக் குறைக்காது கொடுத்து வாங்கினோம். "படிக்கிற தம்பிக்குச் சாவியில்லாப் பூட்டு எதற்கு?" என்று நகைத்தார், அந்நகைப்பில் வடு இல்லை. திண்டுக்கல்லிற் பூட்டுத் தொழிலாளி ஒருவர் அதனைப் பிரித்து, உள்ளிருந்த நெம்புகளை எண்ணெயிட்டுத் துடைத்து, அவற்றின் அளவுக்கு இரும்பை அராவி, ஒரு பிற்பகலிற் சாவி செய்து கொடுத்தார். பூட்டுத் திறந்தது.

அப்பூட்டு இன்று விடுதியில் எம் பெட்டியிற் தொங்குகின்றது. நன்னூலின் பழுப்புத் தாள் உறையையும் அகற்றிவிட்டோம். சென்ற வாரம் அதே நண்பர் தொகைநிலைப் பகுதியைக் கற்க அந்நூலை இரவல் கேட்டார். "தாடிக்கொம்புப் புளியமரத்தடியில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது, ஓரக் குறிப்புகளையும் படியுங்கள்" என்று கூறிக் கொடுத்தோம். அவர் நகைக்கவில்லை. ஏட்டைப் புரட்டியவர், வேப்பிலை மணக்கிறது என்று மட்டும் சொன்னார்.